ஊர் மறந்த பெயரைப் பாடிய தட்டு: பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' (1975)

ரெகே என்றாலே நம்மில் பலருக்கு பாப் மார்லி. அதைத் தாண்டிப் போவது குறைவு. இந்தக் கட்டுரை மார்லி பிறந்த அதே செயின்ட் ஆன் மாவட்டத்தில் பிறந்த இன்னொருவர் 1975-ல் வெளியிட்ட ஓர் ஆல்பத்தைப் பற்றியது. பாடகர் பர்னிங் ஸ்பியர். ஆல்பத்தின் பெயர் 'மார்கஸ் கார்வி'. மொத்தம் பத்துப் பாட்டு. அதில் இரண்டு பாட்டின் தலைப்பிலேயே கார்வியின் பெயர் இருக்கிறது.

அந்த இரண்டில் ஒன்று 'ஓல்ட் மார்கஸ் கார்வி'. நாட்டின் மற்ற தலைவர்கள் பெயரெல்லாம் ஊர் வாயில் அடிபடுகிறது, கார்வி பெயர் மட்டும் காணோமே என்கிற ஆதங்கம்தான் மொத்தப் பாட்டும். பால் போகல், வில்லியம் கார்டன், நார்மன் மான்லி, புஸ்டமான்டே என்று நான்கு பேரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார் ஸ்பியர்.

கேட்கும்போது சரியாகத்தான் படும். ஆனால் ஜமைக்காவின் வரலாற்றை லேசாகப் புரட்டினால் ஒரு சிக்கல் வரும். 1975-ல் கார்வி மறக்கப்பட்ட ஆளே கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்பே, 1964 நவம்பரில், லண்டனில் புதைத்திருந்த அவர் உடலை அரசு மரியாதையோடு கிங்ஸ்டனுக்குக் கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்தார்கள். நாட்டின் முதல் தேசிய வீரர் என்ற பட்டம் அவருக்குத்தான் கிடைத்தது. 1970களில் புழங்கிய 50 சென்ட் நோட்டில் அவர் முகம்தான். ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் கார்வி இருந்தார்.

அப்படின்னா ஸ்பியர் எதை மறந்துட்டாங்கன்னு சொல்றார்? அந்த ஆல்பத்தின் கதையே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கார்வி யார்?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மார்கஸ் கார்வி 1887 ஆகஸ்ட் 17-ல் செயின்ட் ஆன்ஸ் பே என்ற சின்னக் கடற்கரை ஊரில் பிறந்தவர். அச்சகத்தில் தொழில் பழகியவர். 1914-ல் ஜமைக்காவில், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கறுப்பின மக்களை ஒன்று சேர்க்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். யூ.என்.ஐ.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். 1916-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அந்த அமைப்பு பெரிய மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 'நீக்ரோ வேர்ல்ட்' என்ற அவருடைய பத்திரிகையைப் பல காலனி அரசுகள் தங்கள் எல்லைக்குள் வரவே விடவில்லை.

1919-ல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்று ஒரு கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். ஒரு பங்கு 5 டாலர். வீட்டு வேலை செய்கிற பெண்களும் கூலிக்காரர்களும் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது லாபத்துக்காக மட்டும் இல்லை. தங்கள் மூதாதையரைச் சங்கிலி போட்டு ஏற்றி வந்த அதே அட்லாண்டிக் கடலில் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு கப்பல் ஓடும் என்ற நினைப்புக்குத்தான் அந்த 5 டாலர். ஆனால் வாங்கிய கப்பல்கள் ஓட்டை உடைசல். விற்றவர்கள் ஏமாற்றினார்கள், நிர்வாகமும் மோசம். 1922-ல் கம்பெனி மூழ்கியது.

அதற்குள் அமெரிக்க அரசும் அவரைக் குறிவைத்துவிட்டது. பிற்காலத்தில் எஃப்.பி.ஐ. தலைவராக இருந்த ஜே. எட்கர் ஹூவர், இளம் அதிகாரியாக இருந்தபோதே கார்வியை எப்படி நாடுகடத்தலாம் என்று வழி தேடிக்கொண்டிருந்தவர். கடைசியில் தபால் மூலம் மோசடி என்று வழக்குப் போட்டு, 1923-ல் ஐந்து வருடத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜ் தண்டனையைக் குறைக்க, உடனே ஜமைக்காவுக்கு நாடுகடத்தல். ஜமைக்காவிலும் நிம்மதி இல்லை. கட்சி ஆரம்பித்தார், நீதிபதிகளை விமர்சித்ததற்காக 1929-ல் உள்ளூர்ச் சிறைக்கும் போனார். 1935-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

1940 ஜனவரியில் பக்கவாதம். அவர் இறந்துவிட்டதாக ஒரு பொய்ச்செய்தி பரவ, சில பத்திரிகைகள் இரங்கல் செய்தியே போட்டுவிட்டன. அதில் திட்டி எழுதியவையும் உண்டு. உயிரோடு படுக்கையில் கிடந்து அவற்றைப் படித்தார் கார்வி. அந்த வருஷம் ஜூன் 10-ல் உண்மையிலேயே இறந்துபோனார்.

உடல் வந்தது, சொல் வரவில்லை

1962-ல் ஜமைக்காவுக்கு விடுதலை கிடைத்தது. புது நாட்டுக்கு வீரர்கள் வேண்டும், இல்லையா? கார்வியின் உடலைக் கொண்டுவரும் வேலையை முன்னின்று செய்தவர் அமைச்சர் எட்வர்ட் சீகா. (இவரும் இசை உலகத்து ஆள்தான். அரசியலில் பெரிய ஆளாவதற்கு முன் தட்டு வெளியிடும் கம்பெனி நடத்தியவர்.)

ஆனால் அந்தக் காலகட்டத்தில் நடந்த வேறு இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 1963 ஏப்ரல். உடல் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு. மான்டீகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலைக் காரணம் காட்டி, போலீசும் ராணுவமும் ரஸ்தஃபாரிகளைத் தேடித் தேடிப் பிடித்தன. அடி, சிறை, சடைமுடியை வெட்டுவது என்று எல்லாம் நடந்தது. கார்வியைத் தீர்க்கதரிசியாகக் கும்பிட்டவர்கள் அந்த நாட்டில் யார் என்றால், இந்த ரஸ்தாக்கள்தான். அப்போது பிரதமர் அலெக்சாண்டர் புஸ்டமான்டே. ஸ்பியர் தன் பாட்டில் சொல்லும் நான்கு பேரில் ஒருவர்.

இன்னொன்று, 1968 அக்டோபர். வால்டர் ராட்னி என்ற கயானா நாட்டு வரலாற்றாசிரியர் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். (பர்னிங் ஸ்பியரின் இயற்பெயர் வின்ஸ்டன் ராட்னி. இருவருக்கும் உறவு எதுவும் இல்லை, பெயர் ஒற்றுமைதான்.) அவர் வகுப்போடு நிற்காமல் சேரிகளுக்குப் போய், ரஸ்தாக்களோடு தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசினார். வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்த் திரும்பியவரை விமானத்தை விட்டு இறங்கவே அரசு அனுமதிக்கவில்லை. மறுநாள் கிங்ஸ்டன் தெருக்களில் கலவரம். மால்கம் எக்ஸ் போன்றவர்களின் புத்தகங்களுக்கும் அந்த வருஷம் ஜமைக்காவில் தடை இருந்தது.

இப்போது பாட்டுக்குத் திரும்பி வாங்க. கார்வியின் எலும்பைக் கொண்டுவந்து நடு நகரில் வைத்த அதே நாடு, கார்வி பேசிய விஷயத்தைப் பேசியவர்களை அடித்தது, புத்தகத்தைத் தடுத்தது, வாத்தியாரை விமானத்திலேயே நிறுத்தியது. ஸ்பியர் சொல்கிற மறதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. கார்வியின் முகம் எல்லாருக்கும் தெரியும். நோட்டில் பார்க்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்பதுதான் மறைந்துபோனது.

செயின்ட் ஆன்ஸ் பேயிலிருந்து இன்னொருவர்

வின்ஸ்டன் ராட்னி பிறந்ததும் கார்வி பிறந்த அதே செயின்ட் ஆன்ஸ் பேயில்தான். ஆக, அவருக்குக் கார்வி என்பவர் தேசிய வீரர் ஆவதற்கு முன்பே ஊர்க்காரர்.

1969-ல் பாப் மார்லியை அவருடைய நைன் மைல் கிராமத்தில் சந்தித்து, பாட ஆசை என்று சொன்னார். கிங்ஸ்டனில் ஸ்டூடியோ ஒன் என்ற இடத்துக்குப் போ என்றார் மார்லி. அதை நடத்தியவர் காக்ஸன் டாட். அங்கே ஸ்பியருக்கு இரண்டு ஆல்பம் வந்தது. பெயர் கிடைத்தது, காசு பெரிதாக இல்லை. பர்னிங் ஸ்பியர் என்ற பெயரும் ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்ததுதான். கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவை அழைத்த பெயர் அது. எரியும் ஈட்டி.

பிறகு அவர் ஊர்ப்பக்கமே திரும்பினார். பக்கத்தில் ஓச்சோ ரியோஸ் நகரில் ஜாக் ரூபி என்று ஒருவர். நிஜப்பெயர் லாரன்ஸ் லிண்டோ. அவர் சவுண்ட் சிஸ்டம் நடத்துபவர். நம்ம ஊர் மைக்செட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே அதுவே நிகழ்ச்சி. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, தெருவிலோ திறந்த வெளியிலோ தட்டுப் போட்டு ஊரையே ஆட வைப்பார்கள். யாரிடமும் இல்லாத பாட்டு ஒன்று தன்னிடம் மட்டும் இருந்தால் கூட்டம் தன் பக்கம் வரும். அதற்காகவே தனியாகப் பாட்டுப் பதிவு செய்வார்கள். 'மார்கஸ் கார்வி' என்ற முதல் பாட்டும் அப்படி ஜாக் ரூபியின் செட்டுக்காக மட்டும் பதிவானதுதான். கேட்ட ஜனம் விடவில்லை. தட்டாகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றானது. போட்டதும் ஜமைக்காவில் பெரிய வெற்றி. அதைத் தொடர்ந்து 'ஸ்லேவரி டேஸ்', அதன் பின் முழு ஆல்பம்.

பதிவு நடந்தது கிங்ஸ்டனில் ராண்டீஸ் ஸ்டூடியோவில். பின்னால் வாசித்த குழுவுக்கு பிளாக் டிசைப்பிள்ஸ் என்று பெயர். பேஸ் கிதாரில் ராபி ஷேக்ஸ்பியர், ஆஸ்டன் பாரெட் இருவரும். டிரம்ஸ் லீராய் வாலஸ். கிதார் ஏர்ல் சின்னா ஸ்மித். ட்ரம்பெட் பாபி எல்லிஸ். அன்றைக்கு கிங்ஸ்டனில் கிடைத்த மிகச் சிறந்த கைகள். ஸ்பியருக்குக் கூடவே பின்குரல் கொடுத்தவர்கள் ரூபர்ட் வில்லிங்டன், டெல்ராய் ஹைண்ட்ஸ்.

முதல் பாட்டு ஊதுகருவிகளோடு ஆரம்பிக்கும். துக்கமும் கம்பீரமும் கலந்த ஒரு அழைப்பு மாதிரி. அப்புறம் கீழே பேஸ், நிதானமாக, கனமாக. அதன் மேல் ஸ்பியரின் குரல். அவர் ராகம் போட்டுச் சுழற்றுகிற பாடகர் இல்லை. ஒரே வாக்கியத்தை எடுத்து, திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்வார். ஒப்பாரிக்கும் ஜபத்துக்கும் நடுவில் இருக்கும். 'ஸ்லேவரி டேஸ்' பாட்டில் அடிமை நாட்கள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கேள்வியை விடவே மாட்டார்.

ஜமைக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1834-ல். இடைக்கால ஏற்பாடு என்ற பெயரில் கட்டாய வேலை 1838 வரை நீடித்தது. பிரிட்டன் நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. இந்தப் பின்னணி தெரிந்தபின் அந்தப் பாட்டைக் கேட்டால், கேள்வி ஏன் அத்தனை தடவை வருகிறது என்று புரியும்.

லண்டனில் நடந்தது

ஜமைக்காவில் கிடைத்த வரவேற்பைப் பார்த்து ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் உரிமையை வாங்கியது. கிறிஸ் பிளாக்வெல்லின் கம்பெனி. மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோனதும் இவர்கள்தான். 1973-ல் வந்த வெய்லர்ஸ் குழுவின் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்துக்கு லண்டனில் வைத்து ராக் கிதாரும் கீபோர்டும் சேர்த்தார் பிளாக்வெல். வெள்ளைக்கார ராக் ரசிகனின் காதுக்கு ரெகேவைப் பழக்கும் வழி அது என்பது அவர் கணக்கு. 1975-ல் லண்டன் லைசியம் அரங்கில் மார்லிக்குக் கிடைத்த கைத்தட்டலைப் பார்த்தால் அந்தக் கணக்கு தப்பில்லை என்றே யாரும் நினைப்பார்கள்.

அதே வைத்தியத்தை ஸ்பியருக்கும் செய்தார்கள். ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்தார்கள். ஜாக் ரூபி வைத்திருந்த அந்தக் கனம் குறைந்தது, ஒலி பளிச்சென்று ஆனது. சில பாட்டுகளின் வேகத்தையும் லேசாகக் கூட்டிவிட்டார்கள் என்று பழைய தட்டைக் கேட்டவர்கள் சொல்வதுண்டு. வெளிநாட்டு விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆல்பம் உலகம் பூராவும் போனது. ஆனால் ஜமைக்கா தட்டைக் கேட்டுப் பழகிய ரசிகர்களுக்குக் கோபம். பாடகருக்கும் வருத்தம்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. சவுண்ட் சிஸ்டம் இசையில் பேஸ் என்பது அலங்காரம் இல்லை, அஸ்திவாரம். நெஞ்சுக்கூட்டில் அதிர வேண்டும். அதைக் குறைத்தால் பாட்டின் பாரமே குறைகிறது. அதுவும் இந்த ஆல்பத்தில்! ஒரு மனிதரின் முகத்தை எடுத்துக்கொண்டு அவர் சொன்னதை விட்டுவிட்டார்கள் என்று அழுகிற தட்டு இது. அதன் குரலை எடுத்துக்கொண்டு கனத்தை விட்டுவிட்டது லண்டன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், நியாயம் அதுதான். அந்த ஐலண்ட் பதிப்பு இல்லாவிட்டால் கார்வி என்ற பெயரையே கேள்விப்பட்டிராதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஐரோப்பாவில், ஆப்பிரிக்காவில், ஜப்பானில், இங்கே நம்மிடம்கூட வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்த மெலிந்த ஒலிதான். மெலிந்த ஒலியிலும் கேள்வி கேள்வியாகவே இருந்தது.

பேய் வடிவம்

1976-ல் ஐலண்ட் இன்னொன்று செய்தது. இதே ஆல்பத்தின் டப் வடிவத்தை 'கார்வீஸ் கோஸ்ட்' என்று வெளியிட்டது. கார்வியின் ஆவி. டப் என்றால், பதிவான பாட்டிலிருந்து குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் கொண்டுவந்து, மற்றதையெல்லாம் எதிரொலியில் மிதக்கவிடுவது.

எதை ஞாபகம் வைக்கணும் என்று கெஞ்சிக்கொண்டிருந்த வார்த்தைகள் இதில் கிட்டத்தட்ட இல்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரு சொல் எழும், எதிரொலித்துக் கரையும். ஆனால் ஆல்பத்தில் குறைந்துபோன பேஸ் இதில் வேறு விதமாகத் திரும்பி வந்தது. டப் வல்லுநர்கள் சிலர் இதைவிட மூர்க்கமான டப் ஜமைக்காவில் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனாலும் நிறைய பேருக்கு இரண்டு தட்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆல்பம். பின்னால் சி.டி. காலத்தில் இரண்டையும் ஒன்றாகவே போட்டு விற்றார்கள்.

பாட்டும் ஆவணமும்

வரலாற்றுக் குறிப்பாக ஒரு விஷயம். முதல் பாட்டில் பாகவயர் என்று ஒரு பெயர் வரும். கார்வியைக் காட்டிக்கொடுத்த துரோகி. இது ஜமைக்காவின் வாய்மொழிக் கதையில் வருகிற ஆள். கார்வியை வீழ்த்தியது ஒரு தனிமனிதத் துரோகம் என்று ஆவணங்கள் சொல்லவில்லை. நாம் மேலே பார்த்த மாதிரி கப்பல் கணக்கு, அமெரிக்க உளவு, நீதிமன்றம் என்று பல கைகள்.

அதேபோல, எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைக் கடவுளாகப் பார்க்கிறவர்கள் ரஸ்தாக்கள். அவர் வருகையை முன்கூட்டியே சொன்னவர் என்றுதான் கார்வியைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் இத்தாலி எத்தியோப்பியாவைப் பிடித்தபின், நாட்டை விட்டு வெளியேறிய செலாசியைக் கடுமையாகத் திட்டி எழுதியவர் கார்வி. ஸ்பியரின் கார்வி முழுக்க ஆவணத்து கார்வி இல்லை. ஏழை ஜனம் தங்கள் கையில் வைத்துக் காப்பாற்றிய கார்வி. அரசு வைத்திருந்த நோட்டுப் படத்தைவிட அதில் உயிர் அதிகம் என்பதுதான் அந்தத் தட்டின் பலம்.

அதன் பிறகு

ஸ்பியர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: ஒலி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சொல்லும் இருக்கும். ஜாக் ரூபியோடு 'மேன் இன் த ஹில்ஸ்' என்று ஒரு ஆல்பம் முடித்துவிட்டு, தயாரிப்பைத் தானே எடுத்துக்கொண்டார். ஸ்பியர் என்ற பெயரில் சொந்த லேபிளும் வந்தது. அடுத்த பல வருஷங்களில் கார்வியைப் பற்றி மறுபடி மறுபடி பாடினார். அலுக்கவில்லையா என்று கேட்டால், 'ஸ்லேவரி டேஸ்' பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதுதான் அவர் பாணியே. 2000-லும் 2009-லும் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி அவருக்குக் கிடைத்தது. 2007-ல் ஜமைக்கா அரசும் விருது கொடுத்தது.

பாட்டு கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரசுகளும் செய்ய ஆரம்பித்தன. 2017-ல் ஜமைக்காப் பிரதமர் கோரல் கார்டன்ஸ் கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டார். 2018-ல் கார்வி முதலான வீரர்களின் பெயரிலிருந்த குற்றங்களைத் துடைக்க ஜமைக்கா சட்டம் போட்டது. 2025 ஜனவரி 19-ல், பதவியின் கடைசி முழு நாளில், ஜனாதிபதி பைடன் கார்விக்கு மன்னிப்பு வழங்கினார். தண்டனை கொடுத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது கார்வியின் ஊர்க்காரரான பாடகர் உயிரோடு இருந்தார்.

கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும். முடிந்தால் நல்ல ஸ்பீக்கர், இல்லாவிட்டால் ஹெட்போன். முதலில் ஆல்பம் முழுக்க ஒரு தடவை, வரிசை மாற்றாமல். பிறகு 'கார்வீஸ் கோஸ்ட்'. அதில் குரல் வந்து மறைகிற இடங்களில் விட்டுப்போன வரி உங்களுக்குத் தானாக ஞாபகம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஸ்பியர் நினைத்தது நடந்துவிட்டது.